பாதிரியாரின் பெப்ரவரிக் கடிதம்

இத்தாலியின் பலெர்மோ நகரில், பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மாடிப்படிகளைக் கழுவிக்கொண்டிருந்த அலோசியஸைத் தேடி விமலராணி வந்தபோது, அவள் இன்னும் கறுப்பு உடையில்தான் இருந்தாள். ஆறு வருடமாக அவள் பராமரித்த பேராசிரியர் பிரிச்சட் இறந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

"அண்ணை, அவரின்ரை மகள் என்னைக் கள்ளி எண்டு சொல்லீட்டா."

அலோசியஸ் முன்பு மன்னாரில் கோயில் பதிவேடுகளைப் பராமரித்தவர். தாள் ஏதும் தொலைந்தால் ஊர்ச்சனம் அவரிடம்தான் வரும். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, அவள் சொன்னதை முழுவதும் கேட்டார்.

பேராசிரியர் வேல்ஸ் நாட்டவர். மனைவியின் ஊர் என்பதால் பலெர்மோவில் தங்கியவர். பதினெட்டாம் நூற்றாண்டு வேல்ஸ் பாதிரியார் ஒருவரின் கடிதங்களைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். 1742 பெப்ரவரிக் கடிதம் மகள் கேத்ரினுக்கு, மற்றவை வேல்ஸில் ஒரு நூலகத்துக்கு என்பது அவருடைய உயில். இலண்டனிலிருந்து வந்த கேத்ரினுக்கு வேல்ஸ் மொழி தெரியாது. மாதப் பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டும் பார்த்துத் தேடினாள். அப்படியொரு கடிதம் இல்லை. பெட்டியின் திறப்போ விமலராணியிடம் இருந்தது. நாளை மத்தியானத்துக்குள் கடிதம் வராவிட்டால் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் முறையிடுவதாகக் கேத்ரின் சொல்லியிருந்தாள். விமலராணி தன் வதிவிட அனுமதியான பெர்மெசோவை அங்கேதான் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது.

சந்தையில் மீன் விற்கும் டெனிஸ்டனுக்கு இப்படியான விசயம் என்றால் கால் தரிக்காது. கடையை மச்சானிடம் விட்டுவிட்டு அவனும் கூட வந்தான்.

வியா மக்வேதா தெருவுக்குப் பக்கத்தில் இருந்த பேராசிரியரின் வீட்டுப் படுக்கையறையில் கேத்ரின் மனமில்லாமல் பெட்டியைத் திறந்தாள். அலோசியஸ் தாள்களை ஓரம் பிடித்துப் புரட்ட, கேத்ரின் சொன்ன திகதிகளை டெனிஸ்டன் எழுதினான். ஏப்பிரல் 1741, செப்டெம்பர் 1741, டிசெம்பர் 1741, பெப்ரவரி 1741, ஏப்பிரல் 1742.

"பெப்ரவரி இடம் மாறிக் கிடக்கு அண்ணை. ஆரோ குழப்பியிருக்கினம்," என்றான்.

தூசு தட்டப் பெட்டியை எடுத்தது தான்தான் என்று விமலராணி மெல்லச் சொன்னாள்.

அலோசியஸ் கடைசி மூன்று கடிதங்களையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரே வடிவத்தில் பழுப்பு நீர்க்கறை இருந்தது.

"டிசெம்பரிலை கறை பெரிசு. பெப்ரவரியிலை கொஞ்சம் சின்னன். ஏப்பிரலிலை அதைவிடச் சின்னன். எப்பவோ தண்ணி ஒழுகின காலத்திலையே இந்த அடுக்குத்தான் இருந்தது. ஒருத்தரும் குழப்பேல்லை."

"டிசெம்பருக்குப் பிறகு அதே வருசத்துப் பெப்ரவரி எப்பிடி வரும்?" என்றான் டெனிஸ்டன்.

"அந்தக் காலத்திலை வேல்ஸ்காரருக்கு வருசம் பிறக்கிறது மார்ச் இருபத்தைஞ்சிலை. பாதிரியார் தன்ரை கணக்கிலை 1741 எண்டு போட்டார். பேராசிரியர், ஜனவரியிலை தொடங்கிற எங்கடை கணக்கிலை 1742 எண்டு எழுதினார். ரெண்டும் ஒரே கடிதம்தான்."

இதையே கேத்ரினுக்கு இத்தாலிய மொழியில் விளக்கினார். அவள் கடிதத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. இதில் என்னதான் இருக்கிறது என்று, யாரிடம் என்றில்லாமல் கேட்டாள்.

பதில் சொன்னது விமலராணி. மூன்று வருடங்களுக்கு முன் மன்னாரில் அவள் தாய் செத்தபோது பெர்மெசோ கைக்கு வரவில்லை; போக முடியவில்லை. அன்றைக்குத்தான் பேராசிரியர் இந்தக் கடிதத்தை முதன்முதலாக இத்தாலிய மொழியில் அவளுக்கு வாசித்தார். பிறகு அவள் கேட்டபோதெல்லாம் வாசித்தார். அவளுக்கு அது மனப்பாடம். கடிதத்தின்படி, பழைய பாட்டுச் சுவடிகளைத் தேடிப் பாதிரியார் வேறு ஊருக்குப் போயிருந்தார். மகளுக்குக் காய்ச்சல். மூன்று நாள் அப்பாவைக் கேட்டுக் கிடந்திருக்கிறாள். அவர் திரும்பியபோது குழி மூடியிருந்தது.

"கடைசியிலை இப்பிடி எழுதியிருக்கு," என்று விமலராணி கேத்ரினைப் பார்த்துச் சொன்னாள். "நான் தேடிக் கொண்டுவந்த தாள்கள் மேசையில் இருக்கின்றன. அவள் என்னைத் தேடியபோது நான் இல்லை."

கேத்ரின் கட்டிலில் அமர்ந்தாள். அவள் தாய் இறந்தது இதே அறையில். பக்கத்தில் இருந்தது பதினொரு வயதுக் கேத்ரின் மட்டும். தகப்பன் இந்தக் கடிதங்களை வாங்க வேல்ஸுக்குப் போயிருந்தார். அதைப் பற்றி முப்பது வருடமாக அவர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை, அவளும் கேட்டதில்லை.

அவள் விமலராணியிடம் மன்னிப்புக் கேட்டாள். அந்தக் கடிதத்தை இன்னொருமுறை, அவசரமில்லாமல் ஆறுதலாகச் சொல்ல முடியுமா, எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேத்ரின் கேட்டாள்.

அலோசியஸ் டெனிஸ்டனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். விமலராணி கதிரையை இழுத்துப் போட்டு, முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.