சொல்லிக்கொடுத்த அடேயப்பா

காலையில் பல் தேய்த்த கையோடு காதுக்குப் பின்னால் தணிப்பியை ஒட்டிக்கொள்வது தூத்துக்குடிக் கடற்சுவர்க் காவலர்களின் வழக்கம். வியப்பைத் தணிக்கிற, பொட்டு அளவு வில்லைதான். செலஸ்டினும் ஒட்டிக்கொண்டார். மறுநிமிடம் கடல் வெறும் தண்ணீராகிவிட்டது. இனி அலையின் உயரமும் மதகின் அழுத்தமும்தான் கண்ணில் படும்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. யாரோ ஒரு காவலர் வானவில்லை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றதில் மதகு மூடத் தாமதமாகி, ஒரு தெருவே முழுகிப்போனது. அன்றிலிருந்து டியூட்டி நேரத்தில் வியப்புக்கு இடமில்லை. மாலையில் வில்லையைக் கழற்றினால் அது திரும்பி வந்துவிடும். பெரியவர்களுக்கு, அதாவது.

"அப்பா, இங்க பாருங்க! இந்தச் சிப்பிக்குள்ள ஒரு குட்டிக் கதவு! உள்ள யாரோ தாழ்ப்பாள் போட்டிருக்காங்க!" என்று ஓடி வந்தாள் மகள் ஜெனிட்டா. பதினோரு வயது.

"அடேயப்பா!" என்றார் செலஸ்டின்.

காவலர் பயிற்சியில் இதையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். புருவத்தை உயர்த்து, நடுவில் இழு, கடைசியில் குரலை இறக்கு. வீட்டில் பிள்ளைகள் ஏங்கிப்போகக் கூடாது, பாருங்கள்.

அப்போதுதான் பின்கட்டில் 'தொம்' என்று சத்தம் கேட்டது. இரண்டு வயது அமலி தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புறக் கிடந்தாள். செலஸ்டின் பாய்ந்து தூக்கி முதுகில் தட்ட, குழந்தை இருமி, வீறிட்டு அழுதது.

"ஏட்டி, தங்கச்சியப் பாத்துக்கோன்னா சிப்பியப் பாத்துக்கிட்டு நிக்கியே! உங்கம்மா நடுக்கடல் மின்நிலையத்துல கெடக்கா. நானும் வேலைக்குப் போயிட்டா இந்தப் பிள்ளைக்கு யாரு இருக்கா?"

ஜெனிட்டா சிப்பியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு அழுதாள்.

சிறுவர்களுக்கு ஒட்டவே கூடாது, போன வியப்பு திரும்பாமலும் போகலாம் என்று பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. செலஸ்டின் அதைப் படித்தார். படித்துவிட்டுத்தான் மகளின் காதுக்குப் பின்னால் ஒரு வில்லையை வைத்து அழுத்தினார்.

"இன்னிக்கு ஒருநாள் மட்டும்மா."

மாலையில் வந்து பார்த்தால் வீடு பளிச்சென்று இருந்தது. அமலி சாப்பிட்டுத் தூங்கியிருந்தாள். அப்பாடா என்றிருந்தது அவருக்கு. ஒருநாள் ஒரு வாரமாகி, மழைக்காலம் முழுக்க நீண்டது. பக்கத்து வீட்டு ரொசாரி அக்கா, "குடுத்து வச்ச ஆளுப்பா நீ. என்னா பொறுப்பான புள்ள!" என்றபோது பூரித்துப்போய்த் தலையாட்டினார்.

மழை விட்டதும் மகளின் வில்லையைக் கழற்றிவிட்டார். போகப் போகச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். ஆனால் அந்தச் சிப்பி சமையலறையில் உப்பு அள்ளும் கரண்டியாகிவிட்டிருந்தது.

ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளோடு சுவர்மேல் நடந்தார். காதில் வில்லை இல்லை. திடீரென்று பக்கத்திலேயே கடல் புடைத்து எழுந்தது.

"ஜெனி! ஓடியா! திமிங்கிலம்ட்டி, திமிங்கிலம்!"

இந்தக் கடலில் இனி இல்லை என்று கைகழுவப்பட்ட உயிர். அது விட்ட மூச்சில் மூவரும் நனைந்தார்கள். செலஸ்டின் சின்னப்பையன் மாதிரி சிரித்தார். கண்ணில் நீர் கொட்டியது. அமலி கைகொட்டிக் குதித்தாள்.

ஜெனிட்டா தங்கையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "சுவரு ஈரமாயிட்டுப்பா. வழுக்கும். உள்பக்கமா வாங்க."

"அதப் பாரும்மா... எம்புட்டுப் பெருசு! உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

அவள் திமிங்கிலத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன கண்டாளோ, மெல்லப் புருவத்தை உயர்த்தினாள்.

"அடேயப்பா!"

நடுவில் இழுத்து, கடைசியில் குரலை இறக்கி, பிசகாமல் சொன்னாள். அப்பா ஏங்கிப்போகக் கூடாதல்லவா?

பாவி, என் கையாலேயே செய்தேனே என்று செலஸ்டின் மகளின் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். திமிங்கிலம் இன்னொருமுறை எழுந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"வாங்கப்பா, அமலிக்குப் பசிக்கும்" என்று ஜெனிட்டா அவர் கையைப் பிடித்து நடத்திப் போனாள்.