பத்துக்குப் பத்து

சனிக்கிழமை காலை அந்தப் பெண் மாடிப்படி ஏறி வந்தபோது, டபுள் பிரேக் தன் அத்தானிடம் அன்றைய சாகசத்தை விவரித்துக்கொண்டிருந்தான். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். வண்டியில் ஆசிரியர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. அத்தானுக்கும் ஒரு பெயர் உண்டு: தராசு. முப்பது வருடம் மருந்து ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சொல்லைக்கூட நிறுத்துப் பார்க்காமல் வெளியே விடமாட்டார். ஓய்வுக்குப் பிறகு மருந்து சம்பந்தமான வம்பு வழக்குகள் அவரைத் தேடி வந்தன. மைத்துனன் அழைக்காமலே கூட வந்தான்.

வந்தவள் பெரிய மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் பதினெட்டு வருடமாக மாத்திரை எண்ணிப் பொட்டலம் போடும் மருந்தாளுநர். இப்போது பணி இடைநீக்கத்தில் இருக்கிறாள். ஏழாம் தேதி, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க வந்த ஒரு தையல்காரருக்கு அவள் போட்ட பொட்டலத்தில், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை இருந்திருக்கிறது. அவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. நான்கு நாள், காலைக்கு ஒன்றாக விழுங்கினார். ஐந்தாம் நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. புதன்கிழமை விசாரணை. தீர்ப்பு பாதகமாக வந்தால் பதிவு ரத்தாகும். அப்புறம் எந்தக் கடையிலும் அவள் ஒரு மாத்திரையைக்கூடத் தொட முடியாது.

"பதினெட்டு வருஷத்துல என் கையால ஒரு மாத்திரை மாறிப் போனதில்ல சார்" என்றாள். சொல்லும்போது தராசைப் பார்க்காமல் தன் கைப்பையின் வாரைப் பார்த்தாள்.

பொட்டலம் எப்படிப் போடுவீர்கள் என்று தராசு கேட்டார். டப்பாவிலிருந்து எண்ணி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு, டோக்கன் எண் எழுதிய சீட்டை வைத்து, வாயை மடித்து ஒரே ஒரு பின் அடிப்பாளாம். பிறகு அது சரிபார்ப்பு மேஜைக்குப் போகும். அங்கே இருப்பவர் உறையைப் பிரிக்காமல், வெளியிலிருந்தே பார்த்து, டாக்டர் சீட்டோடு ஒப்பிட்டு முத்திரை குத்துவார். மாலை நான்கு மணிக்குக் கடை அடைத்ததும் எல்லா டப்பாக்களையும் எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டியது அவள் வேலை.

"அன்னைக்குச் சர்க்கரை மாத்திரை டப்பால எவ்வளவு குறைஞ்சது?"

"ஒண்ணுகூடக் குறையல. அதைத்தான் சார் நான் கரடியாக் கத்துறேன். என் டப்பால இருந்து எடுத்திருந்தா முப்பது குறைஞ்சிருக்கணும்ல? பதிவேட்டை நானே சரிக்கட்டிட்டேன்னு சொல்றாங்க."

"மத்த டப்பா?"

அவள் வாரை விரலில் சுற்றினாள். "பிரஷர் மாத்திரைல ரெண்டு அளவு இருக்கு. இருபத்தஞ்சு மில்லிகிராம்ல முப்பது கூட இருந்துச்சு. அம்பதுல முப்பது குறைச்சல். சப்ளைல மாறி வந்திருக்கும்னு திருத்திட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சார்."

தராசு அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இதையெல்லாம் எழுதுகிற மனிதர் வீட்டுக்குக் காய் வாங்கும்போது பாதியை மறந்துவிடுகிறாரே என்று டபுள் பிரேக் நினைத்தான்.

அவனுக்கு அதற்குள் கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டது. தையல்காரரின் மனைவி. வண்டியை எடுக்கும்போதே சொல்லிவிட்டான். தராசு இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டு, "முதல்ல கண்ணாடியைப் பாத்து ஓட்டு மச்சான்" என்றார்.

தையல்காரர் வீட்டு வாசலறையில் தையல் இயந்திரத்தின் ஊசிக்கடியில் ஒரு சட்டைக் கை பாதி தைத்தபடி நின்றிருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. அந்த அம்மாளைப் பார்த்ததுமே டபுள் பிரேக்கின் கொலையாளி கரைந்து போனாள். அழுது ஓய்ந்து, இனிக் கோபம் மட்டுமே மிச்சமிருந்த முகம் அது. பொட்டலத்தைக் கேட்டு மருத்துவமனை இரண்டு தடவை ஆள் அனுப்பியதாம். பரிசோதனைக்கு நான்கைந்து மாத்திரைகளைக் கொடுத்ததோடு சரி, உறையைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

"பழைய மாத்திரை ஏழாம் தேதியோட தீந்துச்சு. இதை எட்டாம் தேதி காலைலதான் ஆரம்பிச்சார். இதோ, இந்தத் தண்ணிச் சொம்பை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்" என்றாள். பிறகு, "போட்டுக் கொடுத்தவ கை விளங்காமப் போகணும்னு தினமும் சொல்லிட்டுதான் படுக்குறேன்" என்றாள்.

தராசு உறையை வெளிச்சத்தில் பிடித்தார். அறுபத்திரண்டாம் டோக்கன். மடிப்பில் பின் அடித்த ஓட்டைகள் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தன. வீட்டில் பின் அடிக்கும் கருவி உண்டா என்று கேட்டார். ஊசி நூறு இருக்கிறது, அது இல்லை என்றாள் அவள். ஒரு மாத்திரையை எடுத்து நகத்தால் அழுத்தினார். ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தது. வெள்ளையாக இருக்க வேண்டியது லேசாகப் பழுத்திருந்தது.

திங்கட்கிழமை மருந்தகத்துக்குப் போனார்கள். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அனுமதி கொடுத்திருந்தார். தராசிடம் ஒரு காலத்தில் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டு. சர்க்கரை மாத்திரை டப்பாவில் இருந்தவை பளிச்சென்று, கல்லு மாதிரி இருந்தன. சரிபார்ப்பு மேஜைக்கு மேலே சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. டபுள் பிரேக் அதை உரக்கப் படித்தான்: "ஏழாம் தேதித் தேர்வில் பத்துக்குப் பத்து." தன் பள்ளியில் பத்துக்கு ஆறு வாங்கினாலே லட்டு கொடுப்பேன் என்று சேர்த்துக்கொண்டான்.

மேஜையில் இருந்த சரிபார்ப்பாளர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது என்ன தேர்வு என்று தராசு கேட்டதற்கு, வெளியே சொல்லக் கூடாதென்று எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்றார். தவறென்று தான் நிறுத்தும் பொட்டலங்களைக் குறித்துவைக்கும் ஏட்டை மட்டும் தயங்காமல் நீட்டினார். தராசு ஏழாம் தேதிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த அறை பயிற்சி அறை. அதன் தலைவர் மடிப்புக் கலையாத கோட்டும் மடிப்புக் கலையாத பேச்சுமாக இருந்தார். சரிபார்ப்பவர்களின் கவனம் எவ்வளவு கூர்மை என்று பன்னிரண்டு வார ஆராய்ச்சி ஒன்று செய்கிறாராம். முடிவுகளை அடுத்த மாதம் ஒரு பெரிய மாநாட்டில் வாசிக்கப் போகிறாராம். சுவரில் பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணை இருந்தது. ஏழு கட்டம் நிறைந்திருந்தது. மிச்சம் ஐந்தும் காலி. ஏன் நின்றுவிட்டது என்று கேட்டதற்கு, தேவையான எண்ணிக்கை கிடைத்துவிட்டது என்றார். கீழே ஒரு பெட்டியில் காலாவதியான மாத்திரைகள் இருந்தன, மாணவர்கள் எண்ணிப் பழக. பழுத்த நிறம்.

வண்டியில் ஏறியதும் தராசு கண்ணை மூடிக்கொண்டார். "அவளைக் காப்பாத்திடலாம் மச்சான்" என்றார். அதைச் சொன்ன குரலில் ஒரு சந்தோஷமும் இல்லாததை டபுள் பிரேக் கவனித்தான். காரணம் புரியவில்லை.

புதன்கிழமை கண்காணிப்பாளரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். சுவரோரம் தையல்காரரின் மனைவி, கதவோரம் மருந்தாளுநர். நடுவில் சரிபார்ப்பாளரும் பயிற்சித் தலைவரும்.

"அந்த மாத்திரை இந்த மருந்தகத்து டப்பால இருந்து வரல" என்று தராசு ஆரம்பித்தார். "கணக்கு சரியா இருக்கு. மாத்திரை பழசு. உறைல நாலு ஓட்டை. பின் அடிச்ச பிறகு யாரோ பிரிச்சு, உள்ள இருந்ததை மாத்தி, மறுபடி அடிச்சிருக்காங்க. பழைய சர்க்கரை மாத்திரை இந்தக் கட்டடத்துல ஒரே இடத்துலதான் இருக்கு." அவர் பயிற்சித் தலைவர் பக்கம் திரும்பினார். "உங்க தேர்வு எப்படின்னு நீங்களே சொல்லிடுங்க."

தலைவர் சொன்னார். நல்ல பொட்டலங்களில் பத்தை எடுத்து, வேண்டுமென்றே தவறான மாத்திரையை வைத்து, மறுபடி வரிசையில் சேர்த்துவிடுவார். எடுத்த நல்ல மாத்திரைகளைக் கடை அடைக்கும் முன் அந்தந்த டப்பாவில் திருப்பிப் போட்டுவிடுவார். பொட்டலம் போடுபவர்களுக்கு இது தெரியக் கூடாது. சரிபார்ப்பவர் எத்தனையைப் பிடிக்கிறார் என்று எண்ணுவதுதான் ஆராய்ச்சி. பிடித்தவற்றை அவர் பயிற்சி அறைக்கு அனுப்பிவிட்டு, நோயாளிக்கு டப்பாவிலிருந்து தானே வேறு போட்டுக் கொடுப்பார். உலகத்தில் யாரும் செய்யாததைத் தான் செய்யவில்லை என்றும், அன்று பத்து வைத்ததில் பத்தும் தன்னிடம் திரும்பி வந்ததற்குச் சான்றிதழே இருக்கிறது என்றும் முடித்தார்.

"பத்து வந்துச்சு. நீங்க வச்ச பத்தா?"

கண்காணிப்பாளர் ஆராய்ச்சிக் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். தராசு அதிலிருந்த பட்டியலையும் சரிபார்ப்பாளரின் ஏட்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்பது எண்கள் இரண்டிலும் இருந்தன. பட்டியலில் இருந்த அறுபத்திரண்டு ஏட்டில் இல்லை. ஏட்டில் இருந்த நாற்பத்தேழு பட்டியலில் இல்லை. அடுத்தடுத்த அறையில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த இரண்டு காகிதங்கள். அவற்றைச் சேர்த்துப் பார்க்க ஒரு மனிதனின் உயிர் போக வேண்டியிருந்தது.

"நாப்பத்தேழு நிஜமான தப்பு. இருபத்தஞ்சு எழுதின இடத்துல அம்பது" என்றார் தராசு. "இவர் அதையும் கரெக்டா பிடிச்சுட்டார். மொத்தம் பத்து ஆயிடுச்சு. பத்து வந்ததும் நீங்க தேடுறதை நிறுத்திட்டீங்க."

சரிபார்ப்பாளர் எழுந்து நின்றார். "எல்லாமே பரீட்சைப் பொட்டலம்னு நினைச்சேன் சார். அதனாலதான் அந்தம்மாகிட்டகூட ஒரு வார்த்தை சொல்லல."

"நீங்க நினைச்சீங்க. இவருக்குத் தெரியும்." தராசு தலைவரைப் பார்த்தார். "தையல்காரர் இறந்த மறுநாள்ல இருந்து உங்க அட்டவணை காலி. ஆராய்ச்சிக்குப் பன்னிரண்டு வாரம் வேணும்னு எழுதினவர் ஏழுல ஏன் நிறுத்தணும்? பட்டியலைப் பாத்துட்டீங்க. பாத்துட்டு, இந்தம்மாவை இடைநீக்கம் பண்ணச் சொல்லி நீங்களே கையெழுத்துப் போட்டீங்க."

தலைவர் மறுக்கவில்லை. இந்த ஆராய்ச்சியால் நாளைக்கு எத்தனையோ உயிர் பிழைக்கும், நடுவில் நின்றுபோனால் யாருக்கு லாபம் என்றார். அதை அவர் மனசாரச் சொன்னதுதான் டபுள் பிரேக்குக்குத் தாங்கவில்லை. கற்றுக்கொடுப்பவன் ஆபத்தை உண்டாக்கலாம், ஆனால் காலை பிரேக்கிலிருந்து எடுக்கக் கூடாது என்று அந்த மனிதரின் சட்டையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அத்தானின் முகத்தைப் பார்த்து அடங்கிக்கொண்டான்.

கண்காணிப்பாளர் இடைநீக்கத்தை அங்கேயே ரத்து செய்தார். நாற்பத்தேழாம் பொட்டலத்தைப் போட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. அன்று பொட்டலம் போட்டது ஒருத்திதான் என்று எல்லோருக்கும் தெரியும். பிடிபட்டுவிட்ட தவறுதானே என்று விட்டுவிட்டார்.

எல்லோரும் கலைந்தபோது தையல்காரரின் மனைவி எழுந்து வந்து மருந்தாளுநரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சிரும்மா. இந்தக் கையைத்தான் நான் தினமும் சபிச்சேன்."

தராசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டபுள் பிரேக்குக்கு அப்போதுதான் அந்தக் குறிப்பேடு ஞாபகம் வந்தது. இருபத்தைந்தில் முப்பது கூட. அது தையல்காரருக்குப் போக வேண்டிய மாத்திரை. தலைவர் டப்பாவில் திருப்பிப் போட்டது. ஐம்பதில் முப்பது குறைச்சல். அது இவள் நாற்பத்தேழில் மாற்றிப் போட்டது, டப்பாவுக்குத் திரும்பாமல் பயிற்சி அறைக்குப் போனது. மேஜைமேல் இரண்டு காகிதமும் சேர்ந்தபோதே அவளும் அதைக் கண்டுபிடித்திருப்பாள். சப்ளை மாறியதாம், சப்ளை. முதல் நாளே அத்தானுக்கு இது தெரிந்திருக்கிறது. அவளே சொல்லட்டும் என்று நான்கு நாள் காத்திருந்திருக்கிறார்.

அவள் சொல்லாமல் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அம்மா" என்றாள் மருந்தாளுநர். "அன்னைக்கு டப்பாவை எண்ணினப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. யாருக்கோ இருபத்தஞ்சுக்குப் பதிலா அம்பது கொடுத்துட்டேன்னு. எழுதிக் கொடுத்தா மெமோ வரும். போன வருஷம் ஒருத்தி எழுதிக் கொடுத்தா, அவளைத்தான் வேலையை விட்டுத் தூக்குனாங்க. நான் பதிவேட்டைத் திருத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன். சொல்லியிருந்தா அன்னைக்கே எல்லாப் பொட்டலத்தையும் தேடியிருப்பாங்க."

தையல்காரரின் மனைவி கணக்குப் போடுகிறவளைப் போல அவளைப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்கு எண்ணினே?"

"நாலரை."

"ஏழாம் தேதி நாலரை மணிக்கு" என்றாள் அந்த அம்மாள். "அப்போ அவர் சட்டைக் கை தைச்சிட்டு இருந்தார்."

அவள் பிடித்திருந்த கைகளை விட்டாள். உதறவில்லை, மெதுவாகத்தான் விட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். மருந்தாளுநரின் கைகள் விட்ட இடத்திலேயே நின்றன. மேஜைமேல் அவளை வேலைக்குத் திரும்ப அழைக்கும் உத்தரவு, கண்காணிப்பாளரின் கையெழுத்தோடு, அவள் எடுத்துக்கொள்வதற்காக இருந்தது.