கரைக்காத எலும்பு

ஒளித்துகள் கற்றையை நிறுத்திய பிறகும் திரையில் அந்தக் கோடு உயர்ந்துகொண்டிருந்தது.

இரவில் ஆய்வகத்தில் தனியாக இருந்த பரிதி பொத்தானை மறுபடி அழுத்தினான். கற்றை நின்றுதான் இருந்தது. அப்படியானால் கோடு விழ வேண்டும். ஒவ்வொரு வகை அணுக்கருவும் தனக்குரிய ஆற்றலுள்ள ஒளித்துகள் வந்து தட்டினால் விழித்துக்கொண்டு, அதே ஆற்றலில் பதில் சொல்லும். இரும்புக்குள் ஒளித்து வைத்தாலும் சொல்லும். யுரேனியத்தின் பதில் திரையில் 2176 என்ற இடத்தில் கோடாக எழும். தட்டுவது நின்றால் பதிலும் நிற்கும்.

அதைவிட, கருவிக்குள் சோதிக்க எந்த மாதிரியும் இல்லை.

மாலையில் அம்சம் துணி கட்டிய கலயத்தோடு வந்திருந்தாள். அவள் கணவன் செல்லதுரை, நீடாமங்கலத்தில் பழைய இரும்புக் கடையில் ஒரு கனத்த பெட்டியை வெட்டி, அதன் தூளைச் சுவாசித்து, சிறுநீரகம் செயலிழந்து செத்தவன். “உள்ள ஈயம்தான், வெட்டுங்க” என்று, கதிர்வீச்சு இருக்கிறதா என்று பார்க்கப் போயும் சோதிக்காமலே சொன்னவன் பரிதி.

“எலும்ப ஆத்துல கரைக்கலைங்க சார். அன்னிக்கு வெறுங்கண்ணால பாத்தே சொல்லிட்டீங்க. இன்னிக்கு மிஷின்ல வச்சுச் சொல்லுங்க.”

“நாளைக்குத்தாம்மா தெரியும். வீட்டுக்குப் போங்க.”

“நான் வாசல்ல இருக்கேன். அவரு உள்ள இருக்கட்டும்.”

பெட்டிக்குள் இருந்தது யுரேனியம் என்றால், அது செல்லதுரையின் எலும்பில் தங்கியிருக்கும். கோடு எழுந்தால் பரிதிக்குச் சிறைதான். அதனால் கலயத்தை அலமாரியில் பூட்டிவிட்டு, ஒன்றும் இல்லை என்று காட்ட வெறும் தட்டைக் கருவிக்குள் தள்ளி ஓட்டியிருந்தான்.

வெளியே மழை விட்ட வயல்களில் தவளைகள் ஓயாமல் கத்திக்கொண்டிருக்க, ஏசியின் முனகலுக்கு அடியில், கேஸ் கட்டரில் இரும்பு வேகும் கருகல் வாடை மெல்லப் பரவி அவன் நாக்கில் படிந்தது. அலமாரியைத் திறந்தான். துணியின் முடிச்சு அவிழவில்லை. கலயம் காலி.

தவளைகள் நின்றன.

பதில் எங்கிருந்து வருகிறதோ, அந்த இடத்தைக் கருவி திரையில் வெள்ளைப் புள்ளியாகக் காட்டும். புள்ளிகள் கூடின. வளைந்த கோடுகள். விலா எலும்புகள். அவை மெல்ல விரிந்தன, சுருங்கின.

பரிதி மூச்சை அடக்கினான்.

திரையில் விலாக்களும் நின்றன.

அவன் நெஞ்சுக்குள் ஒரு தட்டல். இன்னொன்று.

“சார்,” வாசலிலிருந்து அம்சம் கேட்டாள், “பதில் சொல்லிட்டாரா?”

அவனால் மூச்சை விட முடியவில்லை. திரையில், விலாக்களுக்குப் பின்னால், ஐந்து வெள்ளை விரல்கள். ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன.