காணாமல் போன அழுக்கு

காலை ஏழு மணிக்கு அந்த வீட்டில் ஒரு திருட்டு வெளிச்சத்துக்கு வந்தது. போனது நகை அல்ல, பணம் அல்ல. அழுக்கு.

பின்னறை மேசையில் முழங்கை நீளத்துக்கு ஒரு மாடல் போர்விமானம் நின்றது. மூக்கிலிருந்து வால்வரை ஒரே நீலம். ஒரே நிறம் என்பதாலேயே அதில் வேலை அதிகம். அதைச் செய்த அந்த வீட்டுப் பல் டாக்டர் இறக்கைகளின் மேல்பக்கத்தை வெயிலில் வெளுத்த நீலமாக்கி, அதன்மேல் வார்னிஷ் பூசியிருந்தார். பிறகு எண்ணெய்ச் சாயத்தைத் தின்னரில் கரைத்துத் தகடுகளின் இடுக்குகளில் இறக்கி, புகைக்குழாய்க்குப் பின்னால் கரி படிய வைத்திருந்தார். நேற்று இரவு அது போரிலிருந்து திரும்பிய விமானம். இப்போதோ பெட்டியிலிருந்து எடுத்த பொம்மை போலப் பளபளத்தது. பதினொரு மணிக்குள் அதைக் கண்காட்சியில் ஒப்படைக்க வேண்டும்.

"போச்சா!" என்றார் டாக்டர்.

வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி, போலீஸ் இன்ஸ்பெக்டர், திரும்பிப் பார்த்தாள். ஒரு பிரஷ் கீழே விழுந்தாலே வீட்டை இரண்டாக்கும் மனிதர். அந்தக் குரலில் ஏதோ குறைந்தது.

"இதுல விசாரிக்க என்ன இருக்கு?" என்றாள் மாமியார், டாக்டரின் அம்மா. "வீடு கூட்ட வந்தவ ஈரத்துணியால துடைச்சு வச்சிருக்கா. நாளையிலேருந்து வர வேணாம்னு சொல்லிடு."

வேலைக்கு வரும் அக்கா கூடத்தில் நிமிர்ந்தாள். "நல்லா இருக்கும்மா கதை! அந்த மேசையில என் நிழல் பட்டாலே டாக்டர் தம்பிக்கு உயிர் போயிடும். நானா துடைப்பேன்?"

"விடும்மா, போனா போகட்டும்," என்றார் டாக்டர், யார் முகத்தையும் பார்க்காமல்.

இன்ஸ்பெக்டருக்கும் விட்டுவிடத்தான் ஆசை. நாளெல்லாம் பொய் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு மாலையில் இந்த அறைதான் ஆறுதல். விளக்கடியில் குனிந்து, உதட்டைக் கடித்தபடி கோடு இழுக்கும் கணவனின் முகத்தில் அப்போது ஒரு நிறைவு இருக்கும். அதைக் கதவோரம் நின்று பார்ப்பதில் அவளுக்கும் பாதி நிறைவு. தோண்டினால் அந்த முகம் போய்விடுமோ? ஆனால் அக்காவின் கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, துணியக் குடுங்க."

சோப்பு வாசனை. விமானத்தின் வயிற்றடியில் மிச்சமிருந்த கரிக்கோட்டில் அதை அழுத்தித் தேய்த்தாள். கோடு அசையவில்லை.

"என்னங்க, தூசி விழும்னு ஜன்னலைத் திறக்கவே மாட்டீங்களே. இன்னைக்குத் திறந்திருக்கு?"

"புழுக்கமா இருந்துச்சு."

"அத்தை, ராத்திரி சாப்பிடறப்போ என்ன பேச்சு?"

"என்ன பேச்சு? இது முடிஞ்சதும் ரூமைக் காலி பண்ணணும்னேன். என் தையல் மெஷின் கூடத்துல வழியை மறிச்சுக்கிட்டு நிக்குது. இவனும் மாசக்கணக்கா 'முடியட்டும்மா'ங்கறான். நீலத்தை அடிக்கிறான், சரியில்லன்னு சுரண்டறான், மறுபடி அடிக்கிறான்."

இன்ஸ்பெக்டர் விமானத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். நீலத்தின் மேல் மெல்லிய துடைப்புத் தடங்கள். எல்லாம் இறக்கையின் முன்விளிம்பில் தொடங்கிப் பின்விளிம்பில் முடிந்தன. மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அக்கா மேல தப்பில்ல. எண்ணெய்ச் சாயம் தண்ணிக்கு அசையாது, தின்னர் வேணும். அந்த வாடை போகத்தான் ஜன்னல் திறந்திருக்கு."

"தின்னர் பாட்டில் இங்கயேதானே இருக்கு? யாரும் எடுக்கலாமே," என்றாள் மாமியார்.

"எடுக்கலாம் அத்தை. ஆனா நீங்களோ நானோ அக்காவோ இறக்கையை எப்படித் துடைப்போம்? மேசை துடைக்கிற மாதிரி, நீளவாக்குல. இதைத் துடைச்ச கை காத்து போற திசையிலேயே போயிருக்கு. வானத்துல அழுக்கு அப்படித்தான் பின்னால ஓடும்னு அந்தக் கைக்குத் தெரியும். கெடுக்கிறப்பக்கூட அதால திசை மாத்த முடியல." கணவனைப் பார்த்தாள். "ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

டாக்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "முடிச்சா ரூம் போயிடும். அம்மாகிட்ட மாட்டேன்னு சொல்ல வாய் வரல." பிறகு எழுந்து அக்காவின் எதிரில் போய் நின்றார். "உங்க மேல பழி விழுந்தப்போ நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதுதான் பெரிய தப்பு. மன்னிச்சுக்குங்கக்கா."

மாமியாரின் குரலும் இறங்கியது. "நானும் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதேம்மா."

"வச்சுக்கத்தான் போறேன்," என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சியபடி. "ஒரு வாரத்துக்காவது."

மாமியார் மகன் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, மெஷினுக்கு ஒரு மூலை போதும். கேட்டிருந்தா தந்திருக்க மாட்டேனா? ஊர் பல்லையெல்லாம் பிடுங்கறே, உன் வாயைத் திறக்கத் தெரியல!"

அம்மாவும் மகனும் சேர்ந்து தையல் மெஷினைப் பின்னறைக்குள் நகர்த்தினார்கள். கண்காட்சிக்கு இன்னும் நேரம் இருந்தது. டாக்டர் விளக்கைப் போட்டுக் கறுப்புச் சாயத்தைக் கரைத்தார். ஸ்டேஷனுக்குக் கிளம்பிய இன்ஸ்பெக்டர் தொப்பியும் கையுமாகக் கதவோரம் நின்றுவிட்டாள். அந்த முகம் எங்கேயும் போகவில்லை. மெஷின் கடகடத்தது.

"அம்மா, மெதுவா மிதி. கை ஆடுது."

"ஆடட்டும். சண்டைக்குப் போய்ட்டு வந்த விமானம்தானே, கரி எல்லாம் நேர்கோட்டுலயா இருக்கும்?"