சாப்பாட்டுப் பையில் அம்மாவின் போன்

அம்மா ஜெர்மனிக்குப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. அன்றிலிருந்து ரஞ்சிதாவின் டிபன் டப்பாவில் தினமும் எலுமிச்சைச் சோறுதான். அப்பா மாடசாமிக்கு அது ஒன்றுதான் செய்ய வரும். அதையும் விடியும் முன்னே கிளறி வைத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார். மதியம் ரஞ்சிதா திறக்கும்போது சோறு ஜில்லென்று கட்டி தட்டிக் கிடக்கும்.

அந்த வாரம் ஓசூரில் வெயிலே இல்லை. எப்போது பார்த்தாலும் தூறல். கொடியில் போட்ட பள்ளிச் சீருடை காயவில்லை. ஈரச் சட்டையோடு பள்ளிக்குப் போவது யாருக்குத்தான் பிடிக்கும்?

அம்மா பொற்கொடி ஒரு நர்ஸ். பெங்களூருக்கு பஸ்ஸில் போய் வந்து ஜெர்மன் மொழி படித்து, அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை வாங்கினார். கிளம்பும்போது ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துப் பெட்டி கட்டினார். ஸ்வெட்டர், இட்லிப் பொடி, சான்றிதழ்கள், தைலம் எல்லாம் உள்ளே போயின. விரிசல் விட்ட பழைய போனை மட்டும் மேசை மேல் வைத்துவிட்டார்.

"இதுல இருக்கது ஓசூர் நம்பரு. அங்க புது நம்பர் வாங்கிருவேன். இந்த நம்பருக்கு அங்க என்ன வேலை?" என்றார்.

அந்த நம்பருக்குத்தான் எல்லா வேலையும் இருந்தது. அது தெரிந்தபோது அம்மா ஏழு கடல் தாண்டிப் போயிருந்தார்.

திங்கட்கிழமை மாலை அந்தப் பழைய போனில் அம்மா வீடியோவில் வந்தார். முகம் வாடியிருந்தது.

"பிள்ள, இந்தப் போன்ல பேங்க் மெசேஜ் எதுவும் வந்திருக்கா பாரு."

"வந்திருக்கும்மா. மத்தியானம் பன்னெண்டரைக்கு. ஆறு எண்ணு இருக்கு. சொல்லட்டா?"

"அது அப்பவே செத்துப்போச்சு. அதுக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆயுசு. அதுக்குள்ள நான் அந்த எண்ணைப் போட்டாத்தான் பணம் போகும்."

"என்ன பணம்மா?"

"வீட்டு முன்பணம். ஆஸ்பத்திரியில குடுத்த ரூமை இந்தச் சனிக்கிழமை காலி பண்ணணும். வேற ஒரு ரூம் பாத்து வச்சிருக்கேன்."

"உனக்குத்தான் அங்க சம்பளம் வருமே?"

அம்மா பெருமூச்சு விட்டார். "சம்பளம் போடணும்னா இங்க பேங்க் கணக்கு வேணும். கணக்கு தொறக்கணும்னா விலாசம் வேணும். விலாசத்துக்கு வீடு வேணும். வீட்டுக்கு முன்பணம் வேணும். அந்த முன்பணம் எங்க இருக்கு? ஓசூர் பேங்க்ல இருக்கு!"

ரஞ்சிதாவுக்குத் தலை சுற்றியது. தன் வாலைத் தானே துரத்தும் பூனையைப் போல் இருந்தது இந்தக் கணக்கு.

"சாயங்காலம் நான் வீட்ல இருக்கும்போது அனுப்பேன்மா."

"வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புறதுக்கு நம்ம பேங்க்ல மத்தியானம் வரைக்கும்தான் நேரம். எனக்கு இங்க காலையில ஒரே ஒரு டீ பிரேக். அப்ப உங்களுக்குப் பன்னெண்டரை."

பன்னிரண்டரைக்கு ரஞ்சிதா பள்ளியில் இருப்பாள். பள்ளிக்குள் போன் கொண்டுபோனால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். ஆண்டுப் பரீட்சை முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அப்பாவோ கம்பெனியில் இருப்பார். அங்கேயும் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். லீவு கேட்கவும் வழியில்லை. அம்மாவை ஏர்போர்ட்டுக்கு அனுப்ப எடுத்த லீவுக்கே கான்ட்ராக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"கீழ் வீட்டு ஆன்ட்டிகிட்ட போனைக் குடுக்கலாமாப்பா?" என்று ரஞ்சிதா கேட்டாள்.

"வேண்டாம்," என்றார் அப்பா. "நம்ம கஷ்டம் நம்மளோட இருக்கட்டும். யார்ட்டயும் மூச்சு விடாத."

கீழ் வீட்டு ஆன்ட்டி என்றால் வீட்டுச் சொந்தக்காரர் கெம்பம்மா. அன்று காலைதான் படிக்கட்டில் ரஞ்சிதாவை நிறுத்தி, "ஏன் பாப்பா, ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று யாரைப் பார்த்தாலும் கன்னடத்தில் கேட்பது அவர் வழக்கம். அதோடு விட்டிருக்கலாம். "உங்கம்மா ஜெர்மனில நோட்டு நோட்டா சம்பாதிக்கிறாளாமே! வாடகையை ஏத்தினா உங்கப்பா ஒண்ணும் சொல்லமாட்டாருல்ல?" என்றும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

நோட்டு நோட்டாகவாம்! அம்மா அங்கே இரண்டு வேளையும் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமையும் எண் வந்தது. யாரும் இல்லாத வீட்டில் போன் ஒரு தடவை கத்திவிட்டு அடங்கிப் போனது.

புதன்கிழமை மதியம் ரஞ்சிதா வராந்தாவில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். பிடிக்கவில்லை. மூடினாள்.

பள்ளி கேட்டில் வழக்கம்போல் கூட்டம். வீட்டிலிருந்து சூடாகச் சாப்பாடு கொண்டுவரும் அம்மாக்கள் கம்பிக்கு வெளியே நின்றார்கள். பிள்ளைகள் கம்பிக்கு உள்ளே நின்று சாப்பிட்டார்கள். கெம்பம்மாவும் நின்றிருந்தார். நாலாம் வகுப்பு படிக்கும் அவர் மகன் முனிவேல் ராகிக் களியைக் குழம்பில் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தான். களியிலிருந்து ஆவி பறந்தது. ரஞ்சிதா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மாலை அம்மா போனில் அழுதார். அம்மா அழுது ரஞ்சிதா பார்த்ததே இல்லை. ஏர்போர்ட்டில்கூட அழாதவர்.

"நாளைக்குப் பணம் அனுப்பின ரசீதைக் காட்டலன்னா ரூமை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். இங்க எனக்கு யாரைத் தெரியும்? பெட்டியைத் தூக்கிட்டு எங்க போவேன்?"

போன் அணைந்த பிறகும் ரஞ்சிதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு வீடு இல்லாமல் போய்விடும். போன் பள்ளிக்குள் வரக்கூடாது. நான் பள்ளிக்கு வெளியே போகக்கூடாது. அப்படியானால்...

சட்டென்று எழுந்தாள். முனிவேலின் சாப்பாட்டுப் பை நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பா பாயில் படுத்திருந்தார். தூங்கவில்லை.

"அப்பா, நான் கெம்பம்மா ஆன்ட்டிகிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன்."

"நம்ம பாடு ஊருக்கே தெரியணுமா?"

"தெரிஞ்சா தெரியட்டும்ப்பா. அம்மாவுக்கு வீடு வேணும்."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "போயிட்டு வா," என்றார்.

கெம்பம்மா கதவைத் திறந்ததும் ரஞ்சிதா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கெம்பம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

"அய்யோ ராமா! ஜெர்மனில இருக்கறவளுக்கு வீடு இல்லையா?"

"நாளைக்கு முனிவேலுக்குச் சாப்பாடு கொண்டு வர்றப்ப இந்தப் போனையும் கொண்டு வருவீங்களா ஆன்ட்டி?"

"எதுக்குக் கண்ணு அவ்ளோ தூரம்? அந்த எண்ணை நானே பாத்து உங்கம்மாவுக்குச் சொல்லிடறேன்."

ரஞ்சிதா தயங்கினாள். "இல்ல ஆன்ட்டி. பேங்க் எண்ணை வீட்டு ஆளுங்க தவிர யாரும் பாக்கக் கூடாதுனு அம்மா சொல்லியிருக்காங்க."

கெம்பம்மா முகம் சுருங்கியது. வாடகைப் பேச்சு ஞாபகம் வந்ததோ என்னவோ. போனை வாங்கி முந்தானையில் துடைத்தார்.

"உங்கம்மா சொன்னது செரிதான். கொண்டு வரேன்."

அன்றிரவே ரஞ்சிதா அப்பாவின் போனில் அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை. மதிய மணி அடித்ததும் ரஞ்சிதா கேட்டுக்கு ஓடினாள். தூறல் வலுத்திருந்தது. ஒரே குடைக் கூட்டம். முனிவேல் நின்றிருந்தான். கெம்பம்மாவைக் காணவில்லை.

"எங்கடா உங்கம்மா?"

"தெரியலக்கா. பசிக்குது."

ரஞ்சிதாவுக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் ஒரு பெரிய கறுப்புக் குடை கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தது. "ஆட்டோ கெடைக்கல பாப்பா, நடந்தே வந்தேன்!" என்று மூச்சு வாங்கினார் கெம்பம்மா. பையிலிருந்து போனை எடுத்தார். டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் போன் சூடாக இருந்தது.

"ஏ, அது என்ன போனா?" வாட்ச்மேன் கரியப்பன் எங்கிருந்தோ வந்து நின்றார். "ஸ்கூலுக்குள்ள போன் வரக்கூடாது!"

"உள்ள வரலண்ணா. போன் வெளியதான் இருக்கு. நான்தான் உள்ள இருக்கேன்."

கரியப்பன் போனைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். மீசையைத் தடவினார். "ஒரு விரக்கடை உள்ள வந்தாலும் புடுங்கிடுவேன், ஆமா," என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

அம்மாவின் அழைப்பு வந்தது. "பிள்ள, இருக்கியா? பணம் அனுப்புற பட்டனை அமுக்கட்டுமா?"

"இருக்கேம்மா. அமுக்கு."

கெம்பம்மா போனைக் கம்பியை ஒட்டி, ரஞ்சிதாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். நனையாமல் இருக்க மேலே முந்தானையை விரித்தார். 'டிங்' என்றது போன். உடனே கெம்பம்மா தலையை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்களையும் இறுக மூடிக்கொண்டார்.

"டேய் முனிவேலு, நீயும் பாக்காத!"

முனிவேல் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான். என்ன ஏது என்று தெரியாமலே கரியப்பனும் வானத்தைப் பார்த்தார்.

ரஞ்சிதா கம்பியில் வாயை ஒட்டி ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். அம்மா திருப்பிச் சொன்னார். பிறகு சத்தமே இல்லை. மழை மட்டும் குடையில் தட்டிக்கொண்டிருந்தது.

"போயிருச்சு பிள்ள! பணம் போயிருச்சு!" அம்மா சிரித்தார். ரஞ்சிதாவும் சிரித்தாள்.

"பணம் போனா யாராவது சிரிப்பாங்களா?" என்று முனிவேல் கேட்டான்.

"முடிஞ்சிதா? கண்ணத் தொறக்கலாமா?" என்று கேட்டார் கெம்பம்மா.

திங்கட்கிழமை மதியம் கெம்பம்மாவின் பையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. போனும் இருந்தது. காலையில் அவரே மாடியேறி வந்து கேட்டு வாங்கியிருந்தார். வாடகையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ரஞ்சிதா சூடான களியை ஒரு வாய் விழுங்கியபோது போன் அடித்தது. அன்று அம்மாவுக்கு லீவு. புது ரூமைச் சுற்றிக் காட்டினார். சுற்றிக் காட்ட ஒன்றும் இல்லை. வெள்ளைச் சுவர். வெறும் தரை. ஒரு மூலையில் பெட்டி.

"கட்டில் எங்கம்மா?"

"சம்பளம் வந்ததும் வாங்கணும். இப்ப தரையிலதான்."

"ஜன்னல்ல என்ன தெரியுது?"

"எதுத்த வீட்டுச் செவரு."

"குளிருதாம்மா?"

"கொஞ்சம். நீ சாப்பிடு பிள்ள."

அவ்வளவு பெரிய வெற்று அறையில் அம்மா சின்னதாகத் தெரிந்தார். இனி இரண்டு வருஷம் அங்கேதான். அதை நினைத்ததும் ரஞ்சிதாவுக்குக் கண் நிறைந்தது. களி இறங்கவில்லை. அம்மா பார்த்துவிடக் கூடாதே என்று, "மணி அடிச்சிருவாங்கம்மா, நாளைக்குப் பேசறேன்," என்று அவசரமாக அழைப்பை முடித்தாள்.

நிமிர்ந்தபோது கெம்பம்மா ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். கண்களை இறுக மூடியிருந்தார்.

"இன்னைக்கு எண்ணு எதுவும் வரலயே ஆன்ட்டி?"

"தெரியும் கண்ணு. நீ அழுது முடி. நான் பாக்கல."