செம்புத் தகட்டில் முளைத்தது

இப்போதெல்லாம் ஒரு பொருள் யார் வீட்டில் இருந்தது, ஏன் விற்றார்கள் என்று எவனும் கேட்பதில்லை. விலை படிந்தால் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். படித்தவர்கள் இன்னும் மோசம்.

கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் வாட்ச்மேன். பிரசவ வார்டின் மரக்கதவில், கை வைத்துத் தள்ளும் இடத்தில், காலேஜ் வாத்தியார் ரெமிஜியஸ் செம்புத் தகடு அடித்தார். செம்பில் கிருமி தங்காதாம். தினம் காலையில் ஒரு ஜெல்லித் தட்டைத் தகட்டில் ஒற்றிச் சூட்டுப் பெட்டியில் வைப்பார். கிருமி இருந்தால் மறுநாள் அதில் வெள்ளையாக முளைக்கும்.

மூன்றாம் நாள் முளைத்திருந்தது.

வெள்ளையாக ஒரு பெண்ணின் கைத்தடம். ஆள்காட்டி விரல் பாதிதான்.

"யாரு பெரியவரே இதைத் தொட்டது?"

"தகடு ஏது சார்?"

"காயலான் கடையில நெல் அவிக்கிற கொப்பரை ஒண்ணு கிடந்துது. வெட்டி, தட்டி நீட்டுனேன்."

அந்த அரை விரல், என்னோடு பண்ணையில் நெல் அவித்த அம்சத்தினுடையது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன், தனக்கு இணங்காத அவளைப் பண்ணையார் கொதிக்கிற கொப்பரைக்குள் தள்ளி, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "உமியத் தள்ளுடா" என்றார். அடுப்பில் தள்ளினேன். போலீசில், தவறி விழுந்தாள் என்றேன்.

"கழட்டிருங்க சார்."

"ஏன், கிருமிக்குப் பேய் பிடிச்சிருக்கா?" சிரித்துக்கொண்டே உள்ளங்கையைத் தகட்டில் வைத்தார்.

சொய்யென்று சத்தம்.

கை வரவில்லை.

தோல் வேகும் புகை. கூடவே அவிந்த நெல்லின் வாடை. அவர் கதவில் நெற்றியை மோதி மோதி அலறினார். இடுப்பைக் கட்டி இழுத்தேன். எலும்பு வெளுத்துத் தெரியக் கை வந்தது. சதை தகட்டிலேயே நின்றது.

நர்ஸ் ஜாஸ்லின் ஓடி வந்து தண்ணீரை வீசினாள். தகட்டில் ஆவிகூட எழவில்லை.

கரண்டு அடித்தது என்றார் பெரிய டாக்டர். மரக்கதவில் ஏது கரண்டு?

சாயங்காலம் ரெமிஜியஸின் கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். ஜாஸ்லின் என்னை மடக்கினாள்.

"நீங்க கழட்டச் சொன்னதக் கேட்டேன் தாத்தா. தட்டுல இருந்த கை யாருது? ஆணி கழட்டப் போன ஆளும் கையச் சுட்டுக்கிட்டான். உள்ள பதினோரு பிள்ளத்தாச்சிங்க இருக்காங்க. உண்மையச் சொல்லிட்டா அவ போயிருவா."

"எனக்கென்னம்மா தெரியும்?"

சொல்லிவிட்டால் போய்விடுவாளாம். உமி தள்ளியவன் நான். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

சாவிக்கொத்தை ஜாஸ்லின் கையில் திணித்துவிட்டு நடந்தேன். யாரும் இல்லாத அந்தக் கதவில், தகட்டுக்கு உள்ளேயிருந்து, அன்று கொப்பரை மூடியை இடித்ததுபோல், இரண்டு கைகளும் சேர்ந்து இடிக்கத் தொடங்கின. நான் ரோட்டுக்கு வந்த பிறகும் அது ஓயவில்லை.