பிரவீனாவின் புளியங்கொட்டை மோட்டார்

பிரவீனாவுக்கு எப்போதுமே கால் ஒரு இடத்தில் நிற்காது. அன்றைக்குக் கேட்கவே வேண்டாம்! அன்னூரில் அவள் படித்த பள்ளியில் அறிவியல் கண்காட்சி. முதல் பரிசு வாங்கும் மாதிரி வடிவம் கோயமுத்தூரில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் போகும். அது தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரே துடிப்பு.

"நடுவருங்க இன்னும் வரலையே?" என்று வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள்.

"பதினொரு மணிக்குத்தான் வருவாங்க. உன்னப் பாத்தா எனக்குத் தல சுத்துது!" என்றான் கூட்டாளி ஆல்வின்.

அவர்கள் செய்த மாதிரி வடிவம் மேசைமேல் சுழன்றுகொண்டிருந்தது. மூன்று மஞ்சள் உருண்டைகள், நடுவில் ஒரு கம்பி, கம்பியின் தலையில் அட்டை விசிறி. நம் உடம்பின் செல்களுக்குள் புரதத்தாலான குட்டி மோட்டார்கள் சுற்றுகின்றனவாம். விஞ்ஞானிகள் அதில் ஒன்றைத் தனியே எடுத்து, கண்ணுக்கே தெரியாத விசிறி ஒன்றைப் பொருத்தி, குட்டியூண்டு இயந்திரம் செய்யப் பார்க்கிறார்களாம். 1999-ஆம் ஆண்டின் புத்தம்புதுச் சேதி! அறிவியல் டீச்சர் இதைச் சொன்னபோது, 'மோட்டார்' என்ற சொல்லோடு பிரவீனா கேட்பதை நிறுத்திவிட்டாள். மனசு அப்பாவின் கடைக்கு ஓடிவிட்டது.

அப்பா கதிர்வேல், மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவர். ஊரில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் அவரிடம்தான் வரும். மகளுக்காக ஒரு சின்ன மோட்டாருக்குப் பார்த்துப் பார்த்துக் காயில் கட்டிக் கொடுத்திருந்தார். அதுதான் மேசைக்கடியில் ஓடியது. கடையைச் சாத்திவிட்டுப் பார்க்க வருவதாகவும் சொல்லியிருந்தார்.

முதலில் வந்தவள் மூன்றாம் வகுப்பு இஸ்மத். விசிறியைப் பார்த்தாள். மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். பிறகு தன் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, எனக்குள்ளயும் இந்த மோட்டார் ஓடுதுங்களா?"

"ஓடுதே!"

"அப்ப எனக்குப் பிளக்கு எங்க இருக்குதுங்க்கா?"

ஆல்வின் விழுந்து விழுந்து சிரித்தான். "போ பாப்பா, போய் அந்த மேசைல இருக்கற எரிமலையப் பாரு!"

பிரவீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் மேசைக்கடியில் குனிந்து ஒயரைப் பார்த்தாள்.

"இரு இஸ்மத், போகாத. ஆல்வின், அவ சரியாத்தான் கேக்கறா. செல்லுக்குள்ள கரண்டு ஏது?"

சொல்லி முடிப்பதற்குள் ஓட்டமாய் ஓடினாள். டீச்சர் அப்போதுதான் டீயை வாயில் வைத்திருந்தார்.

"டீச்சர், அந்தப் புரத மோட்டார் எதுலீங்க ஓடுது?"

"அன்னைக்கே சொன்னேனே அம்மணி! நாம திங்கற சோத்துல இருந்து உடம்பு ஏ.டி.பி.ன்னு ஒரு எரிபொருள் செய்யுது. அதுல ஒரு துணுக்கு வந்து ஒட்டினா, மூணுல ஒரு பங்கு சுத்தும். நிக்கும். அடுத்த துணுக்கு வந்தாத்தான் மறுபடி சுத்தும்."

திரும்பி வந்தபோது விசிறி வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு உதறல் இல்லை. அப்பா கட்டிய காயில் அல்லவா! நிறுத்தினால் அப்பா என்ன நினைப்பார்? பிரவீனாவுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் பிளக்கைப் பிடுங்கினாள்.

"அய்யய்யோ! என்ன காரியம் செஞ்சுபோட்ட?" என்று ஆல்வின் தலையில் கைவைத்தான்.

"இனி நாமதான் மோட்டார். உருண்டைய எடுத்துட்டு, மூணு பேரும் சுத்தி உக்காருவோம். இஸ்மத், நீயும் வா!"

மாதிரியைத் தரையில் இறக்கினார்கள். கம்பியின் அடியில் பிரவீனா ஒரு குச்சியைக் குறுக்கே கட்டினாள். வகுப்பில் பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டைகளை ஆல்வின் அள்ளிக்கொண்டு வந்தான்.

"இதுதான் எரிபொருள். பாக்க வர்றவங்க நம்ம கையில கொட்டயப் போட்டா, குச்சிய அடுத்த ஆள்கிட்டத் தள்ளோணும். அவ்வளவுதான்."

இஸ்மத் கொட்டை விழாமலே தள்ளினாள்.

"சோறு திங்காம ஓடாத இஸ்மத்!"

ஒருவழியாகப் பழகியபோது மூன்றாம் வகுப்பு மிஸ் வந்து, விருந்தினருக்குப் பூக் கொடுக்க இஸ்மத்தை அழைத்துப் போய்விட்டார். நடுவர்கள் அடுத்த மேசைக்கே வந்துவிட்டார்கள். மூன்றாவது இடம் காலி! பிரவீனா தவித்துப்போய் நிமிர்ந்தாள். எதிரே அப்பா நின்றார். அவர் கண் பிடுங்கிப்போட்ட ஒயரின்மேல் இருந்தது.

"ஏங்கண்ணு, மோட்டார் பொகஞ்சுபோச்சா?" அவர் முகம் வாடிவிட்டது.

"இல்லீங்கப்பா. உங்க மோட்டார் சோக்கா ஓடுச்சுங்க. நான்தான் தப்புப் பண்ணிப்போட்டேன். உடம்புக்குள்ள ஒயரு இல்லீங்களே." ஒயரைச் சுருட்டி எடுத்தாள். "கோவிச்சுக்காதீங்கப்பா."

அப்பா விசிறியைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். காலி இடத்தைப் பார்த்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நான் எப்பத் தள்ளோணும்?"

கண்ணாடி போட்ட நடுவரம்மா குனிந்தார். பிரவீனா எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். நடுவரம்மா அவள் கையில் ஒரு கொட்டை போட்டார். விசிறி கொஞ்சம் திரும்பி நின்றது. அடுத்தது ஆல்வின். அடுத்தது கிரீஸ் படிந்த அப்பாவின் கை. ஒரு சுற்று முடிந்தது!

"கொட்டை போடாட்டி?"

"பசியோட எப்படீங்க சுத்தும்?"

நடுவரம்மா சிரித்துவிட்டார். இஸ்மத் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அக்கா, என்ர எடம் போச்சுங்களா?"

பிரவீனா கொட்டைகளை எல்லாம் அவள் மடியில் கொட்டினாள். "போகுல. நீ இனி எங்களுக்குச் சோறு போடு."

நடுவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "இதுதான் கோயமுத்தூருக்குப் போகுது. ஆனா மோட்டார் இப்படியே வரணும், ஒரு பாகமும் குறையக் கூடாது" என்றார் நடுவரம்மா.

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, நானுமுங்களா? அப்ப அன்னைக்குக் கடைக்கு லீவு உட்றோணும்" என்று அப்பா எழப் பார்த்தார்.

அதற்குள் இஸ்மத் அவர் கையில் ஒரு புளியங்கொட்டையைப் போட்டாள். அப்பா மறுபடி உட்கார்ந்து தள்ளினார்.